அறிவிப்பு ஒட்டியாயிற்று, செய்தி சேர்ந்ததா?

கூட்டுறவுச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது நம் கண்ணில் முதலில் படுவது வாயிலருகே தொங்கும் அறிவிப்புப் பலகையே. தாள்மேல் தாளாகப் பல அறிவிப்புகள் அதில் ஒட்டப்பெற்றிருக்கும். பேரவைக் கூட்டத்தின் நாள், கூலித் திருத்தம், கடன் தவணையின் கடைசி நாள், புதிய திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் முறை யாவும் அங்கே உண்டு. அதைப் பார்த்தவர், 'இச்சங்கத்தில் எதையும் மறைப்பாரில்லை' என்றே எண்ணுவர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அறிவிப்பை ஒட்டுவது வேறு, செய்தியைச் சேர்ப்பது வேறு என்பதை ஓர் அம்மையார் நெய்த எட்டுச் சேலைகள் நமக்குக் கற்பித்தன.

சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பருத்திச் சேலை நெய்யும் கைத்தறிச் சங்கம் அது. ஐந்தரை மீட்டர் நீளத்தில் நெய்து வந்த சேலையை, ரவிக்கைத் துணியும் உடன் வருமாறு ஆறேகால் மீட்டராக நெய்து தரவேண்டும் என்று கொள்முதல் செய்வோர் கேட்டனர். சங்கம் இசைந்தது. எட்டுச் சேலை வந்த பாவில் இனி ஏழே வரும். கூலியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. இம்முடிவு எடுக்கப்பட்டபோது பல தறிகளில் பழைய கணக்கின்படி பாவு ஏறியிருந்தது. ஆதலின் செயலாளர் அன்றே சுற்றறிக்கை எழுதினார், பலகையில் ஒட்டினார், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அதன் படத்தை அனுப்பினார்.

இருபது நாள் கழித்து, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் எட்டுச் சேலைகளை மடித்து எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். எட்டும் பழைய நீளம். குறை அளவு என்று அவை தனியே வைக்கப்பட்டன, கூலி நிறுத்தப்பட்டது. முறையீடு நம்மிடம் வந்தது.

கோப்பைப் புரட்டினோம். குற்றம் காண ஓர் இடமும் இல்லை. சுற்றறிக்கையில் எண் இருந்தது, தேதி இருந்தது, கையொப்பம் இருந்தது. பின்னர் அம்மையாரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் கையெழுத்திட மட்டும் கற்றவர். சங்கத்தில் கொடுத்திருந்த தொலைபேசி எண் அவருடைய மகனுடையது. மகனோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். தறியின் அளவு மாறிய செய்தி, தறி இருந்த தெருவுக்கு வராமல் திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாள்தோறும் வந்து குவியும் செய்திகளுக்கிடையே மகன் அதைக் கவனிக்கவில்லை. அத்தெருவில் ஒரு காலத்தில் இருபது தறிகள் ஓடின. இப்போது இவருடையது ஒன்றே. எனவே பக்கத்து வீட்டிலிருந்தும் சொல் வரவில்லை. முழங்கால் வலியால் அவர் சங்கத்துக்குப் போவதும் பாவு வாங்கும் நாளிலும் துணி கொடுக்கும் நாளிலும் மட்டுமே.

"எல்லாருக்கும் சொன்னாங்களாம் ஐயா. தறியில உக்காந்திருந்த எனக்குத்தான் யாரும் சொல்லல" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே நம்மை மிகவும் வருத்தியது.

நிர்வாகம் பின்னர் கூலியைக் கொடுத்தது. சேலைகள் தள்ளுபடி விலையில் விற்றுப்போயின. ஆயினும் அக்கூலி தீபாவளிக்குப் பிறகே அவர் கைக்கு வந்தது. இதில் நம்முடைய பிழையும் உண்டு. மூன்று மாதங்களுக்கு முன் அதே சங்கத்தை நாம் ஆய்வு செய்தபோது, 'அங்கத்தினர்களுக்கு அறிவிப்புகள் முறையாக அனுப்பப்படுகின்றனவா?' என்ற வினாவுக்கு நேரே 'ஆம்' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தோம். அனுப்பப்பட்டது உண்மை, வந்து சேர்ந்ததா என்று ஓர் அங்கத்தினரையேனும் கேட்டோமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் ஆய்வுக் குறிப்புக்கும் பொருந்தும்.

இது ஏதோ ஒரு சங்கத்தில் நேர்ந்த சிறு தவறு என்று விட்டுவிடலாகாது. தனியார் ஆலையில் முதலாளி ஒருவர், தொழிலாளி மற்றொருவர். அங்கே செய்தி கிட்டாத தொழிலாளிக்குக் கூலி நட்டமாகலாம். கூட்டுறவிலோ தறியில் அமர்ந்திருப்பவரே உடைமையாளர், பங்குத்தொகை அவருடையது, பேரவையில் அவருக்கும் ஒரு வாக்கு உண்டு. தம் சங்கம் என்ன முடிவு செய்தது என்பதை அறியாத அங்கத்தினர், பெயரளவில் உடைமையாளராகவும் நடைமுறையில் கூலியாளாகவுமே நிற்கிறார். ஆதலின் செய்தியை அவரிடம் சேர்ப்பதை நிர்வாகம் காட்டும் தயவாகக் கருதக்கூடாது. அது அவருக்குரியதை அவரிடம் ஒப்படைப்பதாகும்.

முன்னோடிகள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை திறந்தபோது, அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். அச்சங்கம் வளர்ந்தபின் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அங்கத்தினர் கல்விக்கென்று ஒதுக்கியது. நூலகமும் படிப்பகமும் வைத்தது. 1995-இல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, கல்வி, பயிற்சி, தகவல் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறது. நம் சங்கங்களும் நிகர இலாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பணம் ஒதுக்குகின்றன. பணம் போகிறது, கற்பிக்க வேண்டிய செய்தி தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது.

நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தவுடன், அதே ஆண்டில் திரூரில் கிராமக் கடன் சங்கம் தோன்றியது. அக்காலத்துக் கிராமச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பின் மீது நின்றவை; சங்கம் கடன்பட்டால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் உடைமையால் ஈடுசெய்ய வேண்டும். ஆகவே யாருக்கு என்ன கடன் கொடுக்கப்பட்டது, யார் திருப்பிக் கட்டவில்லை என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. ஒரு சங்கத்துக்கு ஒரு கிராமம் என்று எல்லையைச் சுருக்கி வைத்ததன் காரணமும் அதுவே. ஒருவரையொருவர் அறிந்த ஊரில், செய்தி திண்ணையிலிருந்து திண்ணைக்குத் தானாகவே சென்றது. இன்றோ ஒரு சங்கத்தின் எல்லை பல கிராமங்களைத் தழுவுகிறது. நெசவுத் தெருக்களில் தறிகள் குறைந்து, எஞ்சியவை தனித்தனியே நிற்கின்றன. தானாகச் சென்ற செய்தியை இனி நாம்தான் கொண்டு சேர்க்கவேண்டும்.

யார் யாருக்குச் சேராமற் போகிறது என்பதை எண்ணிப் பார்ப்போம். 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளரும் நெசவு சார்ந்த தொழிலாளரும் சேர்ந்து 35.22 லட்சம் பேர், அவர்களுள் 25.46 லட்சம் பேர் பெண்கள். தறியில் பெண்களே மிகுதி. ஆயினும் பல வீடுகளில் துணியைச் சங்கத்தில் ஒப்படைத்து வருபவர் கணவர். பதிவேட்டிலுள்ள எண் மகனுடையது. கூட்டத்துக்கு வருபவர் மாமனார். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் நூற்றுக்கு 73.44 பேர். முதியோரிடையே படிக்கத் தெரியாதவர் இன்னும் மிகுதி என்பது கிராமங்களில் பழகியோர் அறிந்ததே. இத்தகையோருக்கு நெருக்கமாக அச்சிட்ட ஒரு பக்கத் தாளை ஒட்டிவைப்பது, கதவைச் சாத்திவிட்டு உள்ளே வாருங்கள் என்று அழைப்பதற்கு ஒப்பாகும்.

அங்கத்தினர் பட்டியலில் இல்லாமலே சங்கத்துக்காக உழைப்போரும் உளர். தார் சுற்றித் தரும் மூதாட்டி, பாவு நீட்டும்போது கைகொடுப்போர், சாயப்பட்டறைத் தொழிலாளர் ஆகியோர் இவ்வகையினர். சாயப்பட்டறையில் செய்தி சேராமற் போனால் நேரும் கேடு கூலி நட்டத்தோடு நில்லாது. காஸ்டிக் சோடா பட்டால் தோலும் கண்ணும் வெந்துபோகும். ஹைட்ரோஸ் டப்பாவில் ஈரம் பட்டால் அது சூடேறித் தீப்பற்றவும் கூடும். இவ்வெச்சரிக்கைகள் பெரும்பாலும் டப்பாவின் மேல் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. வாளியைத் தூக்குபவருக்கோ ஆங்கிலம் தெரியாது. பில்லைக் கோப்பில் சேர்ப்பவர், எச்சரிக்கையைத் தமிழில் எழுதி, படமும் வரைந்து, தொட்டியருகே நின்று வாயாலும் சொல்லிவிடுவாராயின் அவருக்குப் பத்து நிமிடமே செலவாகும்.

விவசாய அங்கத்தினரின் நிலையும் இதுவே. அவர்களுக்கு வரும் செய்திகளிற் பல நாட்கணக்கோடு வருபவை. 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், 2020 முதல் கடன் பெற்ற விவசாயிகளுக்கும் கட்டாயமன்று, விருப்பமே என்றாயிற்று. 'சங்கத்தில் கடன் வாங்கினோம். காப்பீடும் தானே இருக்கும்' என்று நம்பியிருப்பவர், தம் பயிர் சேர்க்கப்பட்டதா என்பதை உரிய நாளுக்குள் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். அறுத்து வயலில் உலரப் போட்ட கதிர் பருவம் தவறிய மழையில் நனைந்து கெட்டால், காப்பீடு செய்தவர் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. நான்காம் நாள் பலகையைப் பார்த்தவருக்கு அப்பலகையால் என்ன பயன்? குத்தகைக்கு உழுபவர்க்கோ, நிலத்தின் உரிமையாளரிடம் சென்ற செய்தி மெல்ல இறங்கி வந்தால்தான் உண்டு.

இனி, செய்தியின் மொழியைக் காண்போம். அண்மையில் நாம் கண்ட ஓர் அறிவிப்பு, 'பார்வையில் காணும் கடிதத்தின்படி மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கியது. அது பன்னிரண்டு வரிகள் சென்றபின், கடைசி வரியில்தான் நாள் வந்தது. அங்கத்தினர் என்ன செய்யவேண்டும் என்பது அதிலும் இல்லை. மேலதிகாரியிடமிருந்து வந்த தாளை அவ்வாறே படியெடுத்து ஒட்டியதன் விளைவு இது. நாமும் அலுவலகத் தமிழில் பழகியவர்களே. நாமே இருமுறை படித்தோம். வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளக் குடும்பங்கள் நம் சங்கங்களில் பல உள்ளன என்பதையும் கருதவேண்டும். அலுவலகத்துக்கு எழுதும் தமிழ் ஒன்று, தெருவுக்கு எழுதும் தமிழ் மற்றொன்று என்ற தெளிவு செயலாளர்க்கு வேண்டும்.

அக்காலத்துத் தண்டோராவே நன்றாயிருந்தது என்பாரும் உளர். காதுள்ள எல்லோருக்கும் அது கேட்டது உண்மை. ஆனால் அதை அறைந்தவர் எந்தச் சாதியினர், எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதை நாம் மறக்கலாகாது. 2022-இல் தமிழ்நாடு அரசு அவ்வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி வழியே அறிவிக்கும்படி கூறியது நல்லதே. ஒருவரைத் தாழ்த்தி மற்றவர்க்குச் செய்தி சொல்லும் முறை கூட்டுறவுக்கு ஏலாது. ஒலிபெருக்கியும் செவிகேளா அங்கத்தினருக்குப் பயன்படாது. கைப்பேசி அதை வைத்திராதவருக்குப் பயன்படாது. தாள் படியாதவருக்குப் பயன்படாது. எக்கருவியும் தனித்து எல்லோரையும் எட்டாது. ஆதலின் ஒரே செய்தி காதுக்கும் கண்ணுக்கும் கைக்கும் எட்டுமாறு இரண்டு மூன்று வழிகளில் செல்லவேண்டும்.

இதற்குச் செயலாளர்கள் கூறும் மறுப்பை நாம் அறிவோம். 'ஒரு செயலாளர், ஓர் எழுத்தர், அங்கத்தினரோ நூற்றுக்கணக்கில். வீடு வீடாகச் சென்று சொல்ல நேரமேது? தம் சங்கத்தின் செய்தியைத் தாமே வந்து கேட்டறிவது அங்கத்தினரின் கடமையாகாதா?' என்று கேட்கின்றனர். ஆள் குறைவு என்பது மெய். அதை நாம் மறுக்கவில்லை. அங்கத்தினர்க்கும் கடமை உண்டு. ஆயினும் அந்த எட்டுச் சேலைகளுக்காக எழுதிய கடிதங்கள், நடந்த விசாரணை, நாம் சென்று வந்த பயணம், தள்ளுபடியில் சங்கம் இழந்த தொகை ஆகியவற்றைக் கூட்டினால், இரண்டு தெருக்களை நடந்து வருவது மிக எளிதாயிருந்திருக்கும். மேலும், ஒரு செய்தி இருக்கிறது என்பதையே அறியாதவர், அதை வந்து கேட்பது எங்ஙனம்?

ஆகவே பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்க சிலவற்றைச் சங்கங்களின் முன் வைக்கிறோம்.

முதலாவது, எந்த அறிவிப்பாயினும் அதன் மேற்பகுதியில் நான்கு செய்திகள் பெரிய எழுத்தில் இருக்கட்டும்: என்ன மாறியது, யாருக்கு, எந்த நாளுக்குள், என்ன செய்யவேண்டும். கடித எண்ணும் பார்வையும் அடியில் இருந்தால் போதும்.

இரண்டாவது, பாவும் ஊடை நூலும் கொடுக்கும்போதே செய்திச் சீட்டு ஒன்றையும் சேர்த்துக் கட்டி, வாயாலும் படித்துச் சொல்லியனுப்பலாம். வாங்க வந்தவர் வேறு எவராயினும், சீட்டு தறிக்குப் போய்ச் சேரும். அளவு மாறும்போது புதிய நீளத்துக்கு முடிச்சிட்ட கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்புவது பத்துச் சுற்றறிக்கைக்குச் சமம். நெசவாளர் எழுத்தறியாதவராயிருக்கலாம், அளவறியாதவர் எவருமிலர்.

மூன்றாவது, பதிவேட்டில் தொலைபேசி எண்ணுக்கு நேரே 'எண் யாருடையது? அவர் எங்கே இருக்கிறார்?' என்று ஒரு பத்தி சேர்க்கவேண்டும். இவ்வொரு பத்தி இருந்திருந்தால் நம் அம்மையாரின் இருபது நாள் உழைப்பு வீணாகியிராது.

நான்காவது, செய்தி சொல்லப்பட்டவர் பட்டியலைக் காட்டிலும் இன்னும் சொல்லப்படாதவர் பட்டியலே செயலாளரின் மேசைமேல் இருக்கவேண்டியது. அப்பட்டியல் சுருங்கி மறையும் வரை அவ்வறிவிப்பின் வேலை முடியவில்லை என்று கொள்ளவேண்டும். தெருவுக்கு இருவர், அவருள் ஒருவர் பெண் என்று பொறுப்பேற்றால் இது இயலும். ஒருவரிடமே ஒப்படைத்தால் அவர் வேண்டியவர்க்குச் சொல்லி வேண்டாதவரை விட்டுவிடவும் கூடும். ஆகையால் இருவர் என்கிறோம்.

ஐந்தாவது, சொல் மேலிருந்து கீழே வருவதோடு நில்லாமல், கீழிருந்து மேலேயும் செல்லவேண்டும். சில சங்கங்களின் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகம் மட்டுமே எழுத முடியும்; அங்கத்தினர் வாய்திறக்க வழியில்லை. அங்கே 'இந்த அளவு பழைய பாவுக்கும் உண்டா?' என்று ஒருவர் கேட்டிருந்தால் பலர் விழித்துக்கொண்டிருப்பர். கேட்கப்பட்ட வினாவை ஒரு நோட்டில் எழுதி, மறுமொழியையும் எழுதி, அடுத்த கூலி நாளில் எல்லோர் முன்னும் படிக்கலாம். பேரவைக் கூட்டத்தை அறுவடைக் காலையிலும், பெண்கள் அடுப்படியில் நிற்கும் வேளையிலும் வைத்துவிட்டு, 'யாரும் வருவதில்லை' என்று குறைகூறுதல் முறையன்று. செயலாட்சியர் பொறுப்பில் இருக்கும் சங்கங்களில் இது இன்னும் அவசியம். அங்கத்தினரின் குரலை எடுத்துச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு அங்கே இல்லை.

கடைசியாக, நம்மைப் போன்ற ஆய்வாளர்க்கும் ஒன்று. கோப்பைப் பார்த்து 'ஆம்' என்று எழுதுமுன், பதிவேட்டிலிருந்து ஐந்து பெயர்களை எடுத்து, அவர்தம் வீட்டுக்குச் சென்று, 'சென்ற மாதம் சங்கம் என்ன முடிவு செய்தது?' என்று கேட்போமாக. ஐவருள் இருவர் அறியார் எனின், கோப்பு எவ்வளவு ஒழுங்காயிருப்பினும் 'இல்லை' என்றே எழுதவேண்டும். அந்த அம்மையாரின் வீட்டிலிருந்து திரும்பிய நாள்முதல் நாம் இவ்வாறே செய்து வருகிறோம். 'ஆம்' என்று எழுதும் இடங்கள் குறைந்திருக்கின்றன. செயலாளர் சிலருக்கு நம்மீது மனத்தாங்கலும் உண்டு. ஆயினும் சில சங்கங்களில் பாவோடு சீட்டும் கயிறும் போகத் தொடங்கியுள்ளன.

அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தெருவில் தனித்து ஓடும் தறி எது, படிக்கத் தெரியாத வீடு எது, மகன் வெளியூரில் இருக்கும் வீடு எது என்பது சங்கத்தைவிட உங்களுக்கு நன்கு தெரியும். இவ்விதழில் நீங்கள் படிக்கும் இதனையும் அவ்வீடுகளில் ஒருவருக்கேனும் படித்துக் காட்டுங்கள். அவர் ஏதேனும் கேட்டால் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கூலி நாளில் சங்கத்தில் கேளுங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைத்துவிட்டே மேலே நெய்கிறோம். சங்கத்தில் ஒருவர் செய்தி அறியாது விடுபட்டால் அவ்வாறே நின்று பிணைப்போமாக.